மே மாதத்து ராமேசுவரம்: சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 19 மே 2025

அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. நண்பர்கள் நால்வர் சேர்ந்து அறை பதியாமல், வண்டி பேசாமல், திடீரென்று ராமேசுவரம் போகலாம் என்கிறார்கள். என் கணிப்பில் அது வீண் அலைச்சல். உச்சி வெயிலில் கோயில் வாசலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஓட்டலில் நல்ல மீன் கிடைக்காது. தனுஷ்கோடியில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. திட்டமில்லாப் பயணம் கொடைக்கானலுக்குப் பொருந்தும், இந்தக் கடற்கரைக்குப் பொருந்தாது. மறுப்பவர் உண்டா?

19 மே 2025, இரவு

உண்டு. நான் ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பின்தெருவில் பிறந்து அங்கேயே இருப்பவன். வெயிலும் நடையடைப்பும் தடைக்காலமும் உண்மைதான். அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

தடைக்காலத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பள்ளிக்கூட நால்வரில் ஒருவன் ராமேசுவரம் தீவிலேயே உள்ள தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரன். மற்ற மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் அவனுக்குக் கடல், மிச்ச நாளில் வலையும் ஐஸும் டீசலும் கடன்கணக்கும். இன்னொருவன் கீழக்கரைக்காரன், துபாயில் வேலை, விடுப்பில் வருவது பெரும்பாலும் கோடையில். மூன்றாமவன் சென்னையில் இருக்கிறான், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டால்தான் அவனுக்கும் விடுமுறை. ஆக, இந்த நான்கு பேரும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் கிடைக்கும் காலம் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடைப்பட்ட அந்த 61 நாள்தான். வெயில் அதிகம் என்று அதைத் தள்ளி வைத்தால் டிசம்பர் வரும், காற்று குளிரும், ஆனால் வருவதற்கு ஆள் இருக்காது. பயணத்துக்கு ஏற்ற பருவம் எது என்று கேட்கிறவர்கள் வானிலையை மட்டும் பார்க்கிறார்கள். நண்பர்களோடு போகிறவனுக்கு நண்பர்கள் கிடைக்கும் காலம்தான் பருவம்.

21 மே 2025

திட்டமே வேண்டாம் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. எங்கே போவது, எங்கே உண்பது, எங்கே படுப்பது ஆகியவற்றை முன்கூட்டி முடிவு செய்யாமல் இந்தக் கரையில் இறங்கலாம். கடிகாரத்தை மதிக்காமல் இறங்கக் கூடாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு, அந்த வேளை நமக்காகக் காத்திருக்காது.

ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலையில் முடிந்துவிடும். பகல் ஒரு மணிக்கு நடை அடைத்தால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். தனுஷ்கோடிச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். நாட்டுப்படகுகள் கரைக்கு வரும் விடிகாலையில் போனால்தான் மீன் மீனாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவில், காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, எதற்கும் உதவாத ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கோடைப் பயணம் கெட்டுப்போவது எப்போதும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான். அதை எங்கே கழிப்பது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டால் மிச்சத்தைக் காலின் போக்கில் விடலாம்.

வெளியூர்க் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பத்து மணி வரை அறையில் தூங்குகிறார்கள், பன்னிரண்டு மணிக்குத் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் நின்று செல்பி எடுக்கிறார்கள், இரண்டு மணிக்குக் கோயில் கிழக்கு வாசலில் சூடேறிய கல்லில் வெறுங்காலோடு தாவுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் ராமேசுவரத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுகிறார்கள்.

21 மே 2025, சற்று நேரம் கழித்து

மேலே "தடைக்காலத்தில் மீனே பிடிக்கக் கூடாது" என்று எழுதியிருப்பவருக்கு: தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். நாட்டுப்படகும் வத்தை என்னும் சிறு படகும் கரையோரத்தில் தொழில் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-இலிருந்து 61 நாளாயிற்று. மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்படும் ஓய்வு அது. மேற்குக் கரைக்குத் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், மே மாதத்தில் இங்கே பெரிய ஓட்டல்களில் தட்டில் விழும் வஞ்சிரத் துண்டுக்குப் பெரும்பாலும் கேரளம்தான் பிறந்த வீடு. ராமேசுவரத்தில் உட்கார்ந்துகொண்டு கொச்சி மீனை ராமேசுவரம் மீன் என்று புகழ்ந்து சாப்பிட வேண்டியதில்லை. சூடை, முரல், ஓரா, நண்டு, கணவாய் என்று அன்று வத்தைக்காரர் கொண்டுவருவதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். விலையும் அளவும் சிறிதாக இருக்கும், சுவை குறையாது.

23 மே 2025

சென்னைக்காரன் மாலையில் அழைத்தான். அவனுக்கு ராமநாதபுரத்தில் சொத்து வேலை ஏதோ இருக்கிறதாம், இரவு ரயிலில் ஏறுகிறானாம். மற்ற இருவருக்கும் சொல்லியாயிற்று. கீழக்கரைக்காரன் இன்றிரவே என் வீட்டுக்கு வருகிறான். எங்கே போகிறோம் என்று எவனும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

26 மே 2025

போய் வந்தாயிற்று. நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

சனிக்கிழமை விடியும் முன்பே கீழக்கரைக்காரனும் நானும் ராமநாதபுரம் நிலையத்துக்குப் போனோம். சென்னைக்காரனை இறக்கி வீட்டுக்கு அழைத்துவருவதுதான் ஏற்பாடு. நிலையத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கையில் கீழக்கரைக்காரன் திடீரென்று, "மாப்பிள்ளை, அவனை எதுக்கு இறக்குற? நாம ஏறிருவோம்" என்றான். பதில் சொல்வதற்குள் முன்பதிவில்லாச் சீட்டு வாங்க வரிசையில் நின்றுவிட்டான். தூக்கக் கலக்கத்தில் பையோடு வாசலுக்கு வந்தவனைப் பெட்டிக்குள்ளேயே திருப்பித் தள்ளிக்கொண்டு நாங்கள் ஏறினோம். சொத்து வேலை என்ன ஆனது என்று யாரும் கேட்க வேண்டாம். சனிக்கிழமையில் எந்த அலுவலகம் அவனுக்காகத் திறந்திருக்கப் போகிறது?

பாம்பன் வந்தபோது நன்றாக வெளுத்திருந்தது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நாங்கள் பள்ளிப் பருவத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மண்டபத்தோடு தண்டவாளம் முடிந்துபோயிருந்தது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கிப் பேருந்தைத் தேட வேண்டியிருந்தது. கடந்த ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு நாங்கள் நால்வரில் எவனும் அதில் போயிருக்கவில்லை. பக்கத்திலேயே பழைய பாலம் நின்றது. அதன் நடுவிலிருந்த தூக்குப் பாலத்தைத் தொழிலாளர்கள் கையால் நெம்புகோலைச் சுழற்றித்தான் திறந்தார்கள், இரண்டு சிறகும் மேல்நோக்கி விரிந்தன. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே கிடைமட்டமாக மின்தூக்கி ஏறுவதுபோல் மேலே போகும். சென்னைக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பழைய பாலம்தான் அழகு என்றான். அழகைப் பற்றி எனக்கும் ஐயமில்லை, ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாளில் பழைய பாலத்துக்கு முன் ரயிலை நிறுத்தி வைத்துக் காற்று தணியக் காத்திருந்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.

நிலையத்தில் தங்கச்சிமடத்தான் இரண்டு மோட்டார் சைக்கிளோடு நின்றான், ஒன்று அவனுடையது, இன்னொன்று அவன் மைத்துனனுடையது. அன்று மதியத்துக்குள் கோயிலை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் தீர்மானம். திங்கட்கிழமை அமாவாசை என்பதால் அக்கினி தீர்த்தக் கரையில் சனிக்கிழமையே கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. எங்களில் தீர்த்தமாட ஆசைப்பட்டவன் சென்னைக்காரன் ஒருவன்தான். அவன் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளிநீர் வாங்கிக்கொண்டு நனைந்த வேட்டியோடு மூன்றாம் பிராகாரத்தைச் சுற்றி வரும் வரை, கீழக்கரைக்காரனும் தங்கச்சிமடத்தானும் நானும் பள்ளிவாசல் தெருப்பக்கம் போய் அப்துல் கலாம் வீட்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் பேசிய பேச்சு வேறு எங்கும் பேச வாய்த்திருக்காது. நெருங்கிய நண்பர்கள் என்றால் எல்லாவற்றையும் நால்வருமாகவே பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவரவர் வழியில் பிரிந்து போய்ப் பன்னிரண்டரைக்குக் கிழக்கு வாசலில் சேருவது என்று சொன்னால் போதும், சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கை அவர்களிடம்தான் உண்டு.

பதினொன்றிலிருந்து நான்கு வரையிலான பள்ளத்தில் மிச்சமிருந்ததைத் தங்கச்சிமடத்து வீட்டில் கழித்தோம். தென்னந்தோப்பு, அதற்கப்பால் மல்லிகை நாற்றுப் பாத்திகள், கயிற்றுக் கட்டில். அவன் அம்மா வைத்த சூடைமீன் குழம்பைப் பற்றி எழுதினால் இந்த இழை வேறு திசையில் போய்விடும்.

26 மே 2025, இரவு

தனுஷ்கோடியைப் பற்றி அதிலேயே சேர்த்து எழுத நினைத்து விட்டுவிட்டேன். அது தனியாகவே இருக்கட்டும்.

இந்த ஆண்டு கேரளத்தில் பருவமழை மே 24 அன்றே தொடங்கிவிட்டது, நாங்கள் கிளம்பிய அதே நாள். அங்கே மழை என்றால் இங்கே காற்று. மாலை நான்கு மணிக்குக் கோதண்டராமர் கோயில் பிரியும் இடத்தைத் தாண்டியதும் வண்டி நேராகப் போக மறுத்தது. தென்மேற்கிலிருந்து வந்த காற்று மணலைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. சாலையின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா நுரைத்து ஏறுகிறது, மறுபக்கம் பாக் நீரிணை குளம்போல் கிடக்கிறது. இங்குள்ளவர்கள் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவத்தில் இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்பதைத் தங்கச்சிமடத்தான் சென்னைக்காரனுக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு காற்று.

கல்லூரி நாளில் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் வேனில் ஏறி, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போவோம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பின், முனையைத் தொட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்புகிறவர்களே மிகுதி. நாங்கள் முனைக்குப் போகவில்லை. பழைய தேவாலயத்துச் சுவருக்குக் காற்று மறைவில் உட்கார்ந்தோம். பவளக்கல் வைத்துக் கட்டிய சுவர் அது, உப்புக் காற்று அரித்து ஓட்டை விழுந்து நிற்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் போயின. அந்த ரயிலில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல், பிழைத்தவர் எவருமில்லை. தங்கச்சிமடத்தானின் தாத்தா அந்தப் புயலுக்குப் பின் இங்கிருந்து குடிபெயர்ந்தவர். இதை அவன் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க கேக்கவே இல்லையேடா" என்றான். நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. அட்டவணை போட்டு வந்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் முனையில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்போம்.

27 மே 2025

குளிக்கலாமா என்று கேட்டவருக்கு: அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் கரையிலிருந்து தெரியாது. குளிக்க ஆசையிருந்தால் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள அரியமான் கடற்கரைக்குப் போங்கள். அது பாக் நீரிணைப் பக்கம் என்பதால் கச்சான் காலத்தில் அலை அடங்கியிருக்கும், சவுக்கு நிழலும் உண்டு.

தனுஷ்கோடியில் குடிநீர் கிடைக்காது என்றவருக்கும் ஒரு சொல். அங்கே குடியிருப்பவர்கள் கடலுக்குச் சில அடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைவானதால் உப்புநீருக்கு மேலே தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், ஆகவே ஊற்று ஆழமாக இருக்காது. ஆனால் அது அவர்கள் குடிக்கும் தண்ணீர். நீங்கள் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

27 மே 2025, மாலை

கைபேசிக்கு இலங்கை வலையமைப்பிலிருந்து வரவேற்புச் செய்தி வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக்காரனுக்கு வந்தது. தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கையில் வராமல் என்ன செய்யும்? வெளிநாடு போய் வந்ததாக மனைவியிடம் சொல்லப் போவதாகச் சொன்னான். கட்டணம் பிடித்தம் ஆகாமலிருக்க ரோமிங்கை அணைத்து வைக்கச் சொன்னது துபாய்க்காரனின் அனுபவம்.

29 மே 2025

அறை விஷயம். பலர் இதைத்தான் கேட்கிறீர்கள், ஆகவே மழுப்பாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவு ராமேசுவரத்தில் அறை தேடினோம். நகரத்துக்குள் விடுதியில் தங்கி, ஒரு தடவையாவது வெளியூர்க்காரர்களைப்போல் பால்கனியில் நின்று பார்க்க வேண்டும் என்பது சென்னைக்காரனின் ஆசை. அமாவாசை நெருங்கியதால் சன்னிதித் தெருவைச் சுற்றி எங்கும் இடமில்லை. ஒரு விடுதியில் இடமிருந்தது, ஆனால் பலகையில் எழுதியிருந்த வாடகையைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். நால்வருக்கு ஒரே கட்டில் வேறு. கேள்வி கேட்டவர் இந்த இடத்தில் வென்றுவிட்டதாக எண்ணலாம். உறவோ நட்போ இல்லாத குழுவாக இருந்தால் அந்த வாடகையைக் கொடுத்திருப்போம், அல்லது நள்ளிரவில் பேருந்து ஏறியிருப்போம்.

நாங்கள் தங்கச்சிமடத்துக்குத் திரும்பி மொட்டை மாடியில் பாய் விரித்தோம். கச்சான் காற்றுக்குக் கொசு நிற்காது. பகலில் உயிரை வாங்கிய அதே காற்று இரவில் போர்வை கேட்க வைத்தது.

ஆகவே நான் 21ஆம் தேதி சொன்னதை இப்போது கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். அறை பதியாமல் கிளம்பலாம் என்பது, அந்தக் கரையில் கதவைத் தட்டக்கூடிய வீடு ஒன்று இருப்பவர்களுக்குப் பொருந்தும். அப்படி வீடு இல்லாதவர்கள் அமாவாசையும் சனி ஞாயிறும் சேரும் நாள்களைத் தவிர்த்து வாருங்கள், அல்லது ராமநாதபுரத்திலேயே தங்குங்கள். 55 கிலோமீட்டர்தான், ரயிலும் பேருந்தும் இருக்கின்றன, அறைகளும் அவ்வளவு விலை சொல்வதில்லை.

29 மே 2025, இரவு

பணம் எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு தம்பி கேட்கிறார். பிரிக்கவில்லை. கீழக்கரைக்காரன் எல்லாவற்றுக்கும் ஜிபேயில் கொடுத்துக்கொண்டே வந்தான். கணக்குக் கேட்டால், "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறான். சென்ற தடவையும் அதையேதான் சொன்னான். இது நல்ல வழியல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒருவன் கையில் கொடுத்துவிடுவதே முறை. ஊரில் இருப்பவனுக்கும் வளைகுடாவிலிருந்து வருபவனுக்கும் வருமானம் ஒன்றல்ல. செலவை அவன் தாராளமாகச் செய்கையில் மற்றவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை குறைந்துபோகிறது. தங்கச்சிமடத்தான் அன்று டீக்குக் கூடப் பைக்குள் கைவிட்டுத் தடுமாறியதை நான் பார்த்தேன். தடைக்காலத்தில் படகுக்காரன் கையில் காசு இருக்காது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றவும் வர்ணம் பூசவும் என்ஜின் பார்க்கவும் கடன் வாங்கும் நேரம் இது. அவன் ஓய்வாக இருக்கிறான் என்பதுபோல் நான் முதல் குறிப்பில் எழுதியதைப் படித்தால் சிரிப்பான்.

1 ஜூன் 2025

குடும்பத்தோடு, அதுவும் சிறு பிள்ளைகளோடு போகலாமா என்ற கேள்விக்கு, அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளை மரத்தடிக் கட்டிலில் கிடத்தினால் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாம்பனுக்கு அருகே குந்துகாலில், 1897 சனவரியில் இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் வந்திறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, பேருந்தில் ராமநாதபுரம் திரும்பினோம். உச்சிப் பொழுது. என் வீட்டுக்குப் போகும் வழியில் அரண்மனை. நானே உள்ளே போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று. ராமலிங்க விலாசத்துக்குள் கால் வைத்ததும் வெயில் வெளியே நின்றுவிடுகிறது, அவ்வளவு தடித்த சுவர், அவ்வளவு தடித்த தூண். கிழவன் சேதுபதி காலத்து மண்டபம். சுவரெங்கும் ஓவியங்கள்: தஞ்சை மராத்தியரோடு சேதுபதி நடத்திய போர், பாகவதக் கதைகள், அந்தப்புரக் காட்சிகள், ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சி. படை அணிவகுப்பில் ஒவ்வொரு வீரனுக்கும் மீசை வேறுவேறாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவன் கீழக்கரைக்காரன். ராமேசுவரம் போகிற பேருந்தெல்லாம் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது, இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலர். பிள்ளைகளோடு வருபவர்கள் பகல் பொழுதை இங்கே கழிக்கலாம். தீவுக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் இருக்கிறது.

கிளிஞ்சல் கடைகளில் பிள்ளைகள் பவளத்துண்டு, கடற்குதிரை என்று கை நீட்டினால் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. சாதாரணச் சோழி மாலைக்கு யாரும் தடை சொல்லவில்லை.

8 ஜூன் 2025

நேற்று பக்ரீத். கீழக்கரையில் மதியச் சாப்பாடு. இதற்கும் தலைப்புக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தொடர்பு உண்டு.

அன்று ஞாயிறு மாலையே பயணம் முடிந்திருக்க வேண்டும். சென்னைக்காரன் அன்றிரவு ரயிலேறுவதாக இருந்தது. அரண்மனை வாசலில் நுங்கு தின்றுகொண்டிருக்கையில் கீழக்கரைக்காரனுக்கு அவன் உம்மாவிடமிருந்து அழைப்பு: இரண்டு நாளாக ஊர் சுற்றுகிறீர்களாம், வீட்டுக்கு வராமல் போனால் எப்படி என்று. பேருந்தில் ஏறிவிட்டோம். அங்கே இடியாப்பமும் ஆணம் என்கிற குழம்பும், அதன் பின் தொதலும். தேங்காய்ப் பாலையும் அரிசி மாவையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் கிளறி எடுக்கும் அந்தத் தொதலைக் கடையில் வாங்குவதற்கும் கிண்டியவர் கையால் வாங்குவதற்கும் வேறுபாடு இருக்கிறது. உம்மா எங்கள் மூவரையும் பள்ளிக்கூட நாளிலிருந்து அறிந்தவர். சென்னைக்காரனைப் பார்த்து, "உங்க வீட்டு ஆட்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே வாப்பா" என்றார். அவன் ரயிலைத் தவறவிட்டான். தவறவிட்டான் என்பதைவிட, அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதே சரி.

இங்கே ஒருவர், ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டால் செலவு குறையுமே என்று எழுதியிருந்தார். குறையும். ஆனால் உம்மாவின் அழைப்புக்கு ஆறு பேர் உடனே பேருந்து ஏற முடியாது. ஒருவருக்கு மருந்து வேளை, ஒருவருக்கு மேலாளர், ஒருவருக்கு நண்பனின் நண்பன் என்ற கூச்சம். திடீர்ப் பயணத்துக்கு நால்வர் என்பது இரண்டு மோட்டார் சைக்கிளின் கணக்கு மட்டுமன்று.

17 ஜூன் 2025

தடை முடிந்துவிட்டது. தங்கச்சிமடத்தான் கடலில். முந்தாநாள் அழைத்தபோது ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச நேரமில்லை. துபாய்க்காரன் வரும் வாரம் கிளம்புகிறான்.

கேள்வி கேட்டவர் ஜூலைக் கடைசியில் நண்பர்களோடு போகப் போவதாக எழுதியிருக்கிறார், நல்லது. காற்று அப்போதும் ஓயாது. விசைப்படகு மீன் சந்தைக்கு வந்திருக்கும். ஜூலை 24 ஆடி அமாவாசை, அதையொட்டி ஆடித் திருக்கல்யாண விழா, 27 அன்று கலாம் நினைவு நாள். தமிழ்நாட்டில் பாதிப்பேர் அந்த வாரம் தீவில்தான் இருப்பார்கள். அந்த வாரத்தில் போவதென்றால் நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி: அறையை இப்போதே பதிந்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போவதென்றால் ராமநாதபுரத்தில் இறங்காமல் நேரே போய், பகல் ஒரு மணிக்கு முன் கோயிலை முடித்துவிடுங்கள். மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.